அந்த ஒரு தாள்

கோபியில் சித்தி மகளுக்குப் போன வாரம் பெண் குழந்தை. பார்க்கப் போனால் வீடே எழவு வீடு மாதிரி இருக்கிறது. அவளுடைய ரத்தப் பரிசோதனைத் தாளில் 'எச்.பி.எஸ்.ஏ.ஜி பாசிட்டிவ்' என்று இருந்ததாம். "மஞ்சக்காமாலைங்கறாங்க கண்ணு, புள்ளைக்குப் பால் குடுக்கலாமா?" என்கிறார் அம்மாயி. கீழாநெல்லி வேறு அரைத்தாகிவிட்டது.

தாளை வாங்கிப் பார்த்தேன். எச்.பி.எஸ்.ஏ.ஜி என்பது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம். ரத்தத்தில் இருந்தால் வைரஸ் உடம்பில் இருக்கிறது என்று அர்த்தம். கல்லீரல் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ஆறு மாதம் கழித்தும் இருந்தால் நாள்பட்ட தொற்று. 'ஆன்டி எச்.பி.எஸ்' பாசிட்டிவ் என்றால் கதையே வேறு, அது எதிர்ப்புச் சக்தி. தடுப்பூசி போட்டவர்களுக்கும் வரும். பெயர்கள் ஒரே மாதிரி இருப்பதுதான் தொல்லை. 'எச்.பி.இ.ஏ.ஜி' என்ற இன்னொரு வைரஸ் புரதமும் பாசிட்டிவ் என்றால் வைரஸ் வேகமாகப் பெருகுகிறது, குழந்தைக்குப் பரவும் வாய்ப்பும் கூடுதல்.

நான் கேட்டது ஒன்றுதான்: பாப்பாவுக்கு ஊசி போட்டாச்சா? நல்லவேளை, பிறந்த 12 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும், உடனடிப் பாதுகாப்பு தரும் எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலினும் தொடைக்கு ஒன்றாகப் போட்டிருந்தார்கள். பிறக்கும்போதே தொற்றினால் சுமார் 90 சதவீதக் குழந்தைகளுக்கு அது நாள்பட்டதாகத் தங்கிவிடும், அதனால்தான் அந்த அவசரம். அப்புறம் 6, 10, 14 வாரங்களில் பெண்டாவேலண்ட், ஹெபடைடிஸ் பி-யும் சேர்ந்த ஐந்து நோய்த் தடுப்பூசி. 9 மாதத்துக்கு மேல் பாப்பாவுக்கும் ஒரு பரிசோதனை.

பால் தாராளமாகக் கொடுக்கலாம். காம்பில் வெடிப்பும் ரத்தமும் இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

தங்கச்சி வைரஸ் அளவு பார்க்க அடுத்த வாரம் பெருந்துறை போகிறாள். மாப்பிள்ளையும் பரிசோதனை செய்துகொள்கிறார். கீழாநெல்லியை அம்மாயி இன்னும் கொட்டவில்லை.