கச்சானுக்குத் தப்பி அப்புத்தளைக்கு

மிக்சர் பக்கற் வெடித்து நாலு நாளாகிவிட்டது. நேற்றும் பெரியம்மாவின் கொண்டைக்குள் இருந்து ஒரு கடலைப்பருப்பு விழுந்தது.

எல்லாம் இந்தக் கச்சான் என்ற சுடுகாற்றால் வந்த வினை. திருகோணமலை உவர்மலையில் வீட்டுச் சுவர் காய்ச்சல்காரனின் நெற்றி மாதிரிச் சுடுகிறது. "அப்புத்தளைக்குப் போய்க் குளிர்ந்திட்டு வருவம்" என்று அத்தான் கிளப்பிவிட்டார். ரயில் கோச்சி பற்றி அத்தானுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. இதை அத்தானே சொல்லுவார்.

முழுத் தூரமும் கோச்சியில்தான் என்று அடம்பிடிப்பவர்கள் இரவு மெயிலில் ஏறி, அரைநித்திரையில் பொல்காவலையில் இறங்கி, மலைக் கோச்சி வரும்வரை நுளம்புக்குக் காவல் இருக்கலாம். மற்றவர்கள் முதல்நாளே ஹபரணை, தம்புள்ளை வழியாக பஸ்ஸில் கண்டிக்குப் போய்ப் படுத்தெழும்பி, காலையில் பொடி மெனிக்கே என்ற கோச்சியைப் பிடிப்பதுதான் புத்தி. பெயரைக் கவனியுங்கோ. உடரட்ட மெனிக்கே கண்டிக்குள் வராது, பேராதனைச் சந்தியோடு மலைக்குத் திரும்பிவிடும். அதைக் கண்டி மேடையில் பார்த்துக்கொண்டிருந்தால் பார்த்துக்கொண்டேதான் இருக்கவேண்டும். ஏசிப் பெட்டியும் வேண்டாம், யன்னல் திறக்காது. குளிருக்கென்று போய்க் கண்ணாடிக்குள் இருப்பதற்கு ஊரிலேயே ஏதாவது வங்கிக்குள் போய் இருந்திருக்கலாம்.

கோச்சி நின்றதும் அத்தான் முண்டியடித்து ஏறி, இஞ்சினைப் பார்த்த ஆறு யன்னல் சீற்றுகளில் துவாய், குடை, மாமியின் கைப்பை என்று விரித்துவிட்டார். பிந்தி வந்த மாமிக்கு முதுகுப்பக்கச் சீற்றுத்தான் மிச்சம். மாமி முகத்தைத் தூக்கிக்கொண்டு இருந்தா. அப்போதுதான் இஞ்சினைக் கழற்றினார்கள். கொழும்பால் வரும் கோச்சி பேராதனையில் இருந்து கண்டிக்குள் புகுந்தால், பதுளைப் பாதைக்கு அதே வழியால் திரும்பத்தான் வேண்டும். நேரே போனால் மாத்தளை. ஆகவே இஞ்சின் மறுமுனைக்குப் போகும், முன் பின்னாகும். ஆறு பேரும் ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் பின்பக்கமாகவே மலை ஏறினோம். மாமி மட்டும் முகத்தில் காற்று வாங்கிக்கொண்டு நேராக. அத்தான் நாவலப்பிட்டி வரை வாய் திறக்கவில்லை.

அடுத்தது மிக்சர். ஊரில் வாங்கிய பக்கற்றுகள் ஹற்றனிலேயே உப்பத் தொடங்கின. நானு ஓயாவில் தலையணை. காற்றுப் போகாமல் ஒட்டிய பக்கற் எல்லாம் இப்படித்தான். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், உள்ளே இருப்பது பெருக்கும். பட்டிப்பொல நாட்டிலேயே உயரமான ஸ்டேசன், 1,891 மீற்றர். அங்கே அழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். தானாக வெடிக்காது, ஆனால் தொட்டால் பொறுக்காது. ஊசியால் ஒரு ஓட்டை போட்டால் காரியம் முடிந்தது. ஊறுகாய்ப் போத்தலை மெதுவாகத் திறவுங்கோ. பால் போத்தல் என்றால் சூப்பியை உங்கள் பக்கம் பிடிக்கவேண்டாம். இதையெல்லாம் அத்தான் முதலே சொல்லியிருக்கலாம்.

பட்டிப்பொலவில் சாரதி தோல்பை கட்டிய பெரிய வளையம் ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்கினார். பைக்குள் இருப்பது ரப்லற் என்ற உலோக வில்லை. ஒற்றைப் பாதையில் அது கையில் இல்லாமல் அடுத்த ஸ்டேசனுக்கு நகர முடியாது. சின்னவன் அதைப் பார்க்க எட்டி எட்டிக் களைத்து, ஒரு பக்கற்றை மடியில் வைத்துக்கொண்டான். கோச்சி சுரங்கத்துக்குள் புகுந்தது. பெட்டிக்குள் வெளிச்சம் இல்லை. பையன் இரண்டு கையாலும் ஓங்கி அடித்தான்.

டமார்.

வெளிச்சம் வந்தபோது எல்லார் தலையிலும் ஓமப்பொடி. எதிர்ச் சீற்றுச் சிங்களக் குடும்பம் முதலில் சிரித்தது, பிறகு நாங்கள். பெரியம்மாவையும் சின்னவனையும் காணவில்லை. இரண்டு பேரும் சீற்றுக்குக் கீழே. அவன் தலையை நிலத்தோடு அமத்தி, அவனுக்கு மேலே பெரியம்மா கவிழ்ந்து கிடந்தா. முழங்கால் மடக்க முடியாது என்று கோயிலில் கதிரை கேட்பவ.

அத்தான் பெரியம்மாவிடம் "மிக்சர் பக்கற் மாமி" என்று சிரித்ததுதான் பிழை. பெரியம்மா அவரோடு இன்னும் கதையில்லை. எழும்பி இருந்தும் சின்னவனின் தலையில் இருந்து அவ கை எடுக்கவில்லை, ஒகிய தாண்டும் வரை.

சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் தூறலும் புகாரும், இந்தப் பக்கம் பளிச்சென்று வெயில். தென்மேற்கில் இருந்து வரும் காற்று மழையை அங்கேயே கொட்டிவிட்டுக் காய்ந்து இறங்குகிறது. ஜூலை முதல் செப்ரெம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு வாசம் ஏற்றுவதும் அது, இறங்கி வந்து எங்கள் சுவரைச் சுடுவதும் அது. தப்பி ஓடி அதன் வீட்டுக்கே போயிருக்கிறோம்.

அப்புத்தளையில், பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் திறக்கும் கடை ஒன்று. தராசு, படிக்கல், முகட்டில் தொங்கும் நூல் உருண்டை. மாமி தேயிலை பெரிய இலையாகக் கேட்டா. "பால் ஊத்துறதுன்னா டஸ்ட் எடுங்கம்மா, வெறும் தேத்தண்ணிக்கு பி.ஓ.பி." என்றார் கடைக்காரர். டஸ்ட் என்றால் தூள், பி.ஓ.பி. என்றால் உடைத்த இலை. ஊர்க் கிணற்றுத் தண்ணியில் ஊற்றினால் இரண்டும் ஒன்றுதான், மேலே ஆடை படியும். அதை நாங்கள் சொல்லவில்லை.

சின்னவன் கண்ணாடிப் பெட்டியில் தொங்கிய மிக்சர் பக்கற்றைக் காட்டினான். பெரியம்மா போத்தலுக்குள் இருந்த வறுத்த கச்சான் கடலையைக் காட்டினா.

"எத்தன கிராமுங்கம்மா?"

"நூறு தாங்கோ தம்பி. பக்கற் வேணாம், கடதாசியில சுத்தித் தாங்கோ."