மைக்கைப் பிடுங்கிய பிறகு

நான் மைக் செட் போடுகிறவன். அப்பா காலத்திலிருந்து இதுதான் தொழில். காதுகுத்து, கல்யாணம், கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், துக்க வீடு என்று எல்லாவற்றுக்கும் போவோம். மீத்தேன் எரிவாயு எடுக்கும் திட்டத்துக்கு எதிர்ப்பு சூடுபிடித்த பிறகு போராட்டங்களுக்கும் நிறையக் கூப்பிட ஆரம்பித்தார்கள். நம்மாழ்வார் அய்யா டெல்டாவில் ஊர் ஊராகப் போய்ப் பேசிய காலத்திலிருந்தே மீத்தேன், ஹைட்ரோகார்பன், காவிரித் தண்ணீர், கொள்முதல் நிலையத்தில் தேங்கிக் கிடக்கும் நெல் என்று இங்கே ஏதாவது ஒன்றுக்காக ஜனங்கள் உட்கார்ந்துகொண்டேதான் இருக்கிறார்கள். போராட்டத்துக்கு வாடகை குறைவு, பல இடங்களில் டீசல் காசு மட்டும்தான் கிடைக்கும். ஆனால் கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் நம் வாடிக்கைக்காரர்கள், அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டு இதற்கு மட்டும் வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

தடியடியைப் பற்றி எழுதுகிறவர்கள் தடி விழுந்த நேரத்திலிருந்துதான் எழுதுகிறார்கள். எனக்கு அதற்கு முந்தைய சில நிமிடங்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது என் மேஜையில் நடந்தது.

2018, சம்பா அறுவடை முடியப்போகும் சமயம். மயிலாடுதுறைப் பக்கம் ஒரு ஊர், அப்போது அது நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்தது. ஊர்ப்பெயர் வேண்டாம், வழக்கில் இருந்தவர்கள் எல்லாம் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறார்கள். அதற்கு முந்தைய வருஷம்தான் கதிராமங்கலம் நடந்தது. 2017 ஜூன் 30 அன்று எண்ணெய்க் குழாய் கசிந்து, ஜனங்கள் திரண்டு, தடியடி நடந்து, மீத்தேன் எதிர்ப்புக் கூட்டமைப்பின் பேராசிரியர் த. செயராமன் உள்பட பத்துப் பேரைச் சிறைக்கு அனுப்பினார்கள். அந்தப் பயம் எங்கள் பக்கத்து ஊர்கள் முழுக்க இருந்தது. அந்த நேரத்தில் இந்த ஊர் வயலிலும் குழாய் பதிக்க இயந்திரம் வந்து இறங்கிவிட்டது.

இதற்கு 1962-ல் போட்ட ஒரு மத்தியச் சட்டம் இருக்கிறது, பெட்ரோலியக் குழாய்ப் பாதைக்காக நிலத்தைப் பயன்படுத்தும் உரிமையை எடுத்துக்கொள்ளும் சட்டம். அதன்படி நிலம் உங்கள் பேரில்தான் இருக்கும், பட்டா மாறாது. ஆனால் குழாய் போகும் பட்டையில் கிணறு வெட்டக் கூடாது, கட்டடம் கட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. அந்த உரிமைக்காகக் கொடுப்பது நிலத்தின் சந்தை மதிப்பில் பத்து சதவீதம், பயிர்ச் சேதத்துக்குத் தனியாகக் கணக்குப் போடுவார்கள். ஆட்சேபம் சொல்ல 21 நாள் அவகாசம் உண்டு. இதையெல்லாம் அந்தப் பந்தலில் பேசக் கேட்டுத்தான் நானே தெரிந்துகொண்டேன். ஊர்க்காரர்கள் கேட்டதும் பெரிதாக ஒன்றுமில்லை. எங்களுக்கு அனுப்பியதாகச் சொல்லும் நோட்டீஸைக் காட்டுங்கள், தாசில்தார் வந்து பேசட்டும், அதுவரை அறுக்காத வயலில் இயந்திரத்தை இறக்காதீர்கள், அவ்வளவுதான். இதற்காகக் களத்துமேட்டில் ஷாமியானா போட்டு உட்கார்ந்தார்கள். ரோட்டை மறிக்கவில்லை, இயந்திரத்துக்குக் குறுக்கே போய் நிற்கக்கூட இல்லை. மைக் பர்மிஷனுக்கு மனு கொடுத்து ரசீது வாங்கியிருந்தார்கள், பதில்தான் வரவில்லை.

உட்கார்ந்திருக்கும் கூட்டத்தை உட்கார வைத்திருப்பது மைக்தான். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது புரிவதில்லை. அங்கே முன்னின்று நடத்தியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், எல்லாருக்கும் 'சார்'தான். யாராவது பேசி முடித்ததும் மைக்கை வாங்கி, "தாய்மார்கள் யாரும் எழுந்திரிக்க வேண்டாம், போலீஸ்காரங்க தண்ணி கேட்டா குடுங்க, யாரும் வாய் குடுக்காதீங்க" என்று அலுக்காமல் சொல்லிக்கொண்டே இருப்பார். பின்வரிசையில் இருப்பவர்களுக்கு முன்னால் நடப்பது தெரியாது. பார்க்க முடியாததை அவர்கள் காதால்தான் தெரிந்துகொள்கிறார்கள். சத்தம் நின்றுவிட்டால் எழுந்து பார்ப்பார்கள். கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் மைக் திடீரென்று ஆஃப் ஆனாலும் இதே கதைதான், மண்டபமே எழுந்து என்னவென்று பார்க்கும். முப்பது வருஷமாக அப்பா பார்த்தது, நான் பார்த்தது, எல்லாம் இதுதான்.

அன்றைக்கு மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் வேன்கள் வந்தன. ஓர் அதிகாரி நேராக என் மேஜைக்கு வந்தார். "யார்ரா மைக் செட்டு? ஆஃப் பண்ணு." நான், "சார், ஒரு நிமிஷம் சார், எல்லாரையும் உக்காரச் சொல்லிட்டு ஆஃப் பண்ணிடறேன் சார்" என்றேன். அதற்குள் ஒரு காவலர் ஜெனரேட்டர் வயரைப் பிடுங்கிவிட்டார், இன்னொருவர் சார் கையிலிருந்த மைக்கை முறுக்கி வாங்கினார். சார் வெறும் தொண்டையில் "உக்காருங்க, உக்காருங்க" என்று கத்தினார். எழுபதை நெருங்கியவர், திறந்தவெளி, வாடைக் காற்று வேறு, மூன்றாவது வரிசையைத் தாண்டிக் குரல் போகவில்லை. பின்னால் இருந்த பெண்கள் எழுந்தார்கள். "என்னாச்சு, சாரைப் புடிச்சிட்டாங்களா?" என்று ஒருத்தர் கேட்க, அதற்குப் பின்னால் இருந்தவர்களும் எழுந்தார்கள், கொஞ்ச நேரத்தில் களம் முழுக்க நின்றுகொண்டிருந்தது. நிற்கிற கூட்டத்தைப் பார்த்த காவலர்களுக்கு அது பாய்ந்து வரும் கூட்டமாகத் தெரிந்திருக்கலாம். விசில் கேட்டது. அப்புறம் தடி.

நடந்த அடியை விவரிக்க எனக்கு விருப்பம் இல்லை. ஓடியவர்கள் அறுத்த நெல்தாளில் தடுக்கி விழுந்தார்கள், விழுந்தவர்கள் மேலும் அடி விழுந்தது, பெண்களைப் பிடிக்கப் போதுமான பெண் காவலர்கள் இல்லை. நான் ஆம்ப்ளிபயரை மார்போடு அணைத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன், முழங்கையில் ஒன்று விழுந்தது, சட்டையைப் பிடித்து வேனில் ஏற்றினார்கள். நான் மைக் செட்டுக்காரன் சார், கூலிக்கு வந்தவன் என்று சொல்லலாம்தான். சொல்லவில்லை. வேனில் என் பக்கத்தில் இருந்த பெரியவரின் பேரன் காதுகுத்துக்குப் போன மாசம்தான் செட் போட்டிருந்தேன்.

எங்களைக் கொண்டுபோய் அடைத்தது ஒரு கல்யாண மண்டபம். இந்தப் பக்கம் கைது என்றால் மண்டபம்தான். அந்த மண்டபத்தில் எந்த பிளக் பாயின்ட் வேலை செய்யும், எந்தத் தூணுக்குப் பக்கத்தில் பாக்ஸ் வைத்தால் எதிரொலிக்காது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். காவலுக்கு நின்ற ஓர் இளம் காவலர் என் முகத்தையே பார்க்கவில்லை. அவருடைய அக்கா கல்யாணம் அதே மேடையில்தான் நடந்தது, செட் நான்தான். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவரும் ஒரு குத்தகை விவசாயி வீட்டுப் பிள்ளைதான், அவருக்குக் கிடைத்த உத்தரவு அது. எனக்குக் கோபம் எல்லாம் வயரைப் பிடுங்கச் சொன்ன அந்த முடிவின் மேல்தான்.

சாயங்காலம் எங்களில் பெரும்பாலானவர்களை விட்டுவிட்டார்கள். முன்னணியில் இருந்த சிலர் மேல் தனி வழக்கு, அரசு ஊழியரைத் தடுத்தது, மிரட்டியது என்று 353, 506(2), 7(1)(அ) பிரிவுகளைப் போட்டுத் திருச்சி மத்திய சிறைக்கு அனுப்பினார்கள். எங்கள் மேல் 143, 188, 341, அதாவது சட்டவிரோதமாகக் கூடியது, தடை உத்தரவை மீறியது, வழிமறித்தது.

முதல் தகவல் அறிக்கையின் நகலை வக்கீல் அண்ணன் வாங்கிவந்து வாசித்துக் காட்டினார். அதில் ஓர் இடத்தில், ஒலிபெருக்கி மூலம் பலமுறை எச்சரித்தும் கலைந்து செல்ல மறுத்ததால் குறைந்தபட்ச பலம் பயன்படுத்தப்பட்டது என்று இருந்தது. எந்த ஒலிபெருக்கி? அந்தக் களத்தில் இருந்தது என்னுடைய ஒரு செட்தான், அதன் வயரைத்தான் முதலில் பிடுங்கினார்கள். அதிகாரி கையில் ஒரு சின்ன மெகாபோன் இருந்தது உண்மை, அதில் அவர் ஏதோ சொன்னதும் உண்மை, பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் புரிந்தது. சத்தம் எவ்வளவு தூரம் போகும் என்பதுதான் என் பிழைப்பு. ஆயிரம் பேர் பேசிக்கொண்டிருக்கும் திறந்தவெளியில் அந்த மெகாபோன் பந்தலின் பாதியைக்கூடத் தாண்டாது, இதை நான் எந்தக் கோர்ட்டிலும் சொல்லுவேன்.

அப்போது நடப்பில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 129-வது பிரிவு, கலைந்து போகும்படி உத்தரவிட்ட பிறகும் போகவில்லை என்றாலோ, கலையமாட்டோம் என்பது நடத்தையிலேயே தெரிந்தாலோதான் பலம் பயன்படுத்தலாம் என்று சொல்கிறது என்று அண்ணன் விளக்கினார். அவருக்கு அது சட்டப் புள்ளி. எனக்கு அது தொழில் சம்பந்தப்பட்ட விஷயமாகப் பட்டது. காதில் விழாத உத்தரவு எப்படி உத்தரவாகும்? என்னிடம் மைக்கைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். "பத்து நிமிஷம் தர்றோம், கலைஞ்சு போங்க, இல்லன்னா கைது பண்ணுவோம்" என்று அதில் ஒருமுறை சொல்லியிருந்தால் கைக்குழந்தையோடு வந்த பெண்கள் போயிருப்பார்கள், வயதானவர்கள் போயிருப்பார்கள், கைதாகத் தயாராக இருந்த சிலர் அமைதியாக வேனில் ஏறியிருப்பார்கள். நூற்றுக்கு நூறு அப்படித்தான் நடந்திருக்கும் என்று நம்புகிறேன், ஏனென்றால் சார் முதல் நாளிலிருந்தே அதற்குத்தான் ஜனங்களைத் தயார்படுத்தி வைத்திருந்தார்.

அடிபட்டவர்கள் பாடு வேறு. அரசு ஆஸ்பத்திரியில் எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்கும்போது பக்கத்திலேயே காவலர் நிற்கிறார், பலர் வரப்பில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிட்டு வந்தார்கள். விபத்துப் பதிவேட்டில் அப்படியே ஏறிவிட்டது. பிறகு அந்தப் பதிவேட்டின் நகலை, ஏ.ஆர். காப்பி என்பார்கள், வாங்கிப் பார்த்துவிட்டு அண்ணன் தலையில் கைவைத்தார், ஏனென்றால் அடிபட்டதற்கு அதைவிட்டால் வேறு சாட்சி கிடையாது. இதைப் படிப்பவர்கள் யாருக்காவது இப்படி ஆனால், டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், அவர் எழுதிக்கொள்ளக் கடமைப்பட்டவர்.

என் செட்டுக்கு வருகிறேன். கைப்பற்றியது ஆம்ப்ளிபயர், மிக்சர், இரண்டு பாக்ஸ், ஜெனரேட்டர், மூன்று மைக். பட்டியலில் எழுதியது 'ஒலிபெருக்கி சாதனம்' என்று ஒரே ஒரு வரி. கைப்பற்றிய பொருளைக் காவல் நிலையம் பாரம் 95 போட்டு நீதிமன்றத்துக்குக் காட்ட வேண்டும், அப்படிக் காட்டினால்தான் அப்போதிருந்த அதே நடைமுறைச் சட்டத்தின் 451-வது பிரிவில் நாம் மனுப் போட்டு இடைக்காலமாகத் திரும்ப வாங்க முடிந்தது. பட்டியலிலேயே இல்லாத பாக்ஸை நீதிமன்றம் எப்படித் திருப்பித் தரும்? ஆம்ப்ளிபயருக்குக் கும்பகோணத்தில் வாங்கிய பில் இருந்தது. பாக்ஸ் இரண்டும் ஊர் ஆசாரி செய்து கொடுத்தவை, அதற்கு ஏது பில்? 2002-ல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம், இப்படிக் கைப்பற்றிய பொருட்களைப் பதினைந்து நாள் முதல் ஒரு மாதத்துக்கு மேல் காவல் நிலையத்தில் போட்டுவைக்கத் தேவையில்லை என்று சொல்லியிருக்கிறது. அதை எடுத்துக்காட்டித்தான் அண்ணன் வாதாடினார். ஆனாலும் மாசி மகம் போனது, பங்குனி உத்திரம் போனது, வைகாசிக் கல்யாணங்களில் பாதி போனது. பக்கத்து ஊர் மைக் செட்டுக்காரர்கள் தங்கள் உதிரி செட்டை வாடகை வாங்காமல் கொடுத்து உதவவில்லை என்றால் நான் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருப்பேன். ஆம்ப்ளிபயர் வந்தபோது உள்ளே எலி வயரைக் கடித்திருந்தது. பாக்ஸ் வரவே இல்லை.

அந்த வருஷம் மே 22 அன்று தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூடு, 13 பேர் செத்துப்போனார்கள். டிவியில் பார்த்துக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்து என் முழங்கையைத் தடவிப் பார்த்தார்.

செப்டம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு தீர்ப்புக் கொடுத்தார், ஜீவானந்தம் வழக்கு என்று வக்கீல்கள் சொல்வார்கள். 188-வது பிரிவில் காவல்துறை தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, தடை உத்தரவு போட்ட அதிகாரி எழுத்துப்பூர்வமாக நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதை வைத்து எங்கள் வழக்கும் பிறகு ரத்தானது. நாங்கள் நாகப்பட்டினம் மாவட்டம் என்பதால் சென்னைக்கு அலைய வேண்டியிருந்தது. ஆனால் ரத்தாகும் வரை அந்தப் பட்டியலில் இருந்த பையன்கள் பட்ட பாடு இருக்கிறதே. பாஸ்போர்ட் வெரிபிகேஷன் என்றாலே வழக்கு நம்பர் வந்து நிற்கும். சிங்கப்பூருக்கு ஏஜென்ட்டிடம் பணம் கட்டியிருந்த ஒரு தம்பி கடைசிவரை போகவில்லை, இப்போது நெல் அறுக்கும் மிஷின் ஓட்டுகிறார்.

2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் கொண்டுவந்தார்கள். அந்தச் சட்டம் வந்ததற்குக் களத்துமேட்டில் உட்கார்ந்தவர்களும் ஒரு காரணம் என்றுதான் நான் எப்போதும் சொல்வேன். ஆனால் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த வேலைகளை அது தொடவில்லை, அந்த ஊர்க் குழாயும் வயலுக்கு அடியில்தான் போகிறது.

போராட்டத்துக்கு இப்போதும் செட் போடுகிறேன். பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப்ளிபயர் ஒன்றைத் தனியாக மேடைக்குப் பின்னால் வைத்துவிடுகிறேன், ஜெனரேட்டரை நிறுத்தினாலும் "உட்காருங்கள்" என்று சொல்ல ஒரு குரல் இருக்க வேண்டும். அப்புறம், போலீஸ் வேன் வந்ததும் நானே போய், "சார், நீங்க ஏதாவது சொல்லணும்னா நம்ம மைக்குலயே சொல்லுங்க சார்" என்று கேட்கிறேன். சிலர் முறைப்பார்கள். போன குறுவையில் மழையில் நனைந்த நெல்லை 17 சதவீத ஈரப்பதத்தைத் தாண்டிவிட்டது என்று எடுக்காமல் விட்டதற்காகக் கொள்முதல் நிலைய வாசலில் உட்கார்ந்தார்கள். அங்கே வந்த இன்ஸ்பெக்டர் யோசித்துவிட்டு மைக்கை வாங்கினார். அரை மணி நேரத்தில் கலைந்து போகச் சொன்னார், அதிகாரி வரும்வரை போகமாட்டோம் என்று ஜனங்கள் சொன்னார்கள், அவர் யாருக்கோ போன் போட்டார், அதே மைக்கில் இரண்டு பக்கமும் பேசிப் பேசி, சாயங்காலம் அதிகாரி வந்த பிறகுதான் எழுந்து போனார்கள். நான் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது இன்ஸ்பெக்டரின் டிரைவர் வந்து, தன் மகள் சடங்குக்கு எவ்வளவு ஆகும் என்று விசாரித்துவிட்டுப் போனார்.