ஜூன் 30-க்குள்

ஜூன் 2, 2025, திங்கள்

உலாவியில் அஞ்சல் பார்க்க உதவும் ரவுண்ட்கியூப் மென்பொருளின் 1.6.11 நேற்று வெளிவந்திருக்கிறது. சி.வி.இ-2025-49113 என்று எண்ணிட்ட பாதுகாப்பு ஓட்டையை அடைப்பதற்காகவே வந்த வெளியீடு. உள்நுழைந்த பயனர் எவரும், கோப்பு ஏற்றும் பக்கத்தின் வழியாகத் தான் விரும்பிய நிரலை சர்வரில் ஓட்டிவிட முடியுமாம். ஏறத்தாழ பத்து ஆண்டுகளாக அந்த ஓட்டை அங்கேயே இருந்திருக்கிறது. நம் பழைய சர்வரில் ஓடுவதோ 1.4. புதுப்பித்துத் தருமாறு கேட்டதற்கு, சேவையையே இம்மாதம் 30ஆம் தேதியோடு மூடுவதால் இனி எதையும் தொடப்போவதில்லை என்று பதில் வந்தது. குடும்பத்தின் 11 அஞ்சல் பெட்டிகளையும் அதற்குள் வெளியே எடுத்தாக வேண்டும். சித்தப்பாவின் பெட்டியும் அதில் ஒன்று.

ஜூன் 3, செவ்வாய்

மும்பையில் ஒரு சிறிய சர்வர் வாடகைக்கு எடுத்தேன், 2 ஜி.பி. நினைவகம், டெபியன் 12. டொமைனின் முகவரியை மற்ற சர்வர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்று சொல்லும் டி.டி.எல். மதிப்பை 86400 வினாடியிலிருந்து 300 ஆகக் குறைத்துவிட்டேன். இப்போதே குறைத்தால்தான் மாற்றும் நாளில் முகவரி விரைவில் பரவும்.

ஜூன் 4, புதன்

சித்தப்பாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் புறப்படும் நேரத்தில், மொட்டைமாடியில் இருக்கும் அந்தக் குப்பி நிரம்பி வழிகிறது, கொட்டட்டுமா என்று சித்தி கேட்டார்கள். கொட்டிவிடுங்கள் என்றேன்.

ஜூன் 5, வியாழன்

காலை முதல் மாலை வரை நிறுவல். அஞ்சலை அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸும் பெட்டிகளை வைத்திருக்கும் டோவ்காட்டும் எனக்குப் பழக்கமானவை என்பதால் மதியத்துக்குள் நின்றுவிட்டன. நேரத்தைத் தின்றது ரவுண்ட்கியூப்தான். அது அஞ்சலை வைத்திருக்கும் பொருள் அன்று. டோவ்காட் வைத்திருப்பதை ஐமேப் என்ற அஞ்சல் நெறிமுறை வழியாக வாங்கி உலாவியில் காட்டும் ஒரு சன்னல், அவ்வளவே. ஆனாலும் முகவரிப் புத்தகத்துக்கும் அமைப்புகளுக்கும் அதற்கென ஒரு தரவுத்தளம் வேண்டும். மரியாடிபியில் தரவுத்தளத்தை உருவாக்கிவிட்டு, அதனுள் அட்டவணைகளை ஏற்ற மறந்துபோய், அரை மணி நேரம் பிழைச்செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டெம்ப், லாக்ஸ் ஆகிய இரண்டு ஃபோல்டர்களிலும் வெப் சர்வருக்கு எழுதும் உரிமை தர வேண்டும் என்பதையும் அது சொன்ன பிறகுதான் செய்தேன்.

பிறகு ஒரு சந்தேகத்தில், உலாவியில் லாக் கோப்பின் முகவரியை நேரடியாக அடித்துப் பார்த்தேன். திறந்துகொண்டது. ரவுண்ட்கியூப் தன் ஃபோல்டர்களைக் காக்க ஒரு எச்.டி.ஆக்சஸ் கோப்பை வைத்திருக்கிறது. அப்பாச்சி என்ற வெப் சர்வர் அதைப் படிக்கும், நான் போட்டிருக்கும் என்ஜின்எக்ஸ் படிக்காது. வேலியை நட்டுவிட்டு, அதை மதிக்காத மாட்டைக் காவலுக்கு வைத்ததைப் போன்ற கதை. வெப் சர்வரின் மூல ஃபோல்டரைப் பப்ளிக்-எச்.டி.எம்.எல். என்ற உள் ஃபோல்டருக்கு மாற்றியதும் அடைபட்டது. மாற்றாமல் விட்டிருந்தால், யார் எப்போது உள்நுழையத் தவறினார்கள் என்பது உட்பட எல்லாம் ஊருக்கே தெரிந்திருக்கும்.

ஜூன் 6, வெள்ளி

ஆஸ்பத்திரி.

ஜூன் 7, சனி

விடியற்காலை 3 மணிக்கு விழிப்பு வந்தது. ரவுண்ட்கியூபை நிறுவ உதவும் இன்ஸ்டாலர் பக்கத்தை அணைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இரண்டு இரவுகள் திறந்தே கிடந்திருக்கிறது. அமைப்புக் கோப்பில் அதை அணைத்து, ஃபோல்டரையும் நீக்கி, தரவுத்தளக் கடவுச்சொல்லையும் 24 எழுத்துகள் கொண்ட டெஸ் சாவியையும் புதிதாக்கினேன். அமர்வில் கிடக்கும் அஞ்சல் கடவுச்சொல் அந்தச் சாவியால்தான் பூட்டப்படுகிறது. அணுகல் பதிவில் அந்நியர் எவரும் இன்ஸ்டாலரைத் தேடி வந்த தடயம் இல்லை. மறுபடியும் தூங்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

"சேமிப்பு சர்வருடன் இணைக்க முடியவில்லை." நாள் முழுதும் இந்த ஒரே வாக்கியம். டோவ்காட் ஓடுகிறது, 993ஆம் வாயில் (போர்ட்) திறந்திருக்கிறது, முனையத்திலிருந்து உள்நுழைய முடிகிறது. ரவுண்ட்கியூபுக்கு மட்டும் கதவு அடைப்பு. மாலையில்தான் புரிந்தது. அமைப்புக் கோப்பில் லோக்கல்ஹோஸ்ட், அதாவது இதே இயந்திரம், என்று எழுதியிருக்கிறேன். சான்றிதழோ டொமைனின் பெயரில் இருக்கிறது. பெயர் பொருந்தாத சான்றிதழை, ரவுண்ட்கியூப் எழுதப்பட்ட மொழியான பி.எச்.பி. ஏற்பதில்லை. சான்றிதழைச் சரிபார்க்காதே என்று ஒரு வரி எழுதினால் போதும் என்று பலரும் வழி சொல்வார்கள். காவலாளி ஆளை அடையாளம் காணவில்லை என்பதற்காக அவன் கண்ணைக் கட்டுவது எனக்கு உடன்பாடில்லை. டொமைனின் முழுப் பெயரையே எழுதி, ஹோஸ்ட்ஸ் கோப்பில் அந்தப் பெயரை இதே இயந்திரத்துக்குத் திருப்பினேன். திறந்துகொண்டது.

சித்தப்பாவுக்குப் பேச்சு இன்னும் வரவில்லை. வலக்கையும்.

ஜூன் 10, செவ்வாய்

பத்துப் பேரிடமும் தொலைபேசியில் கடவுச்சொல் வாங்கியாயிற்று. பெரியம்மா பேருந்தில் இருந்தபடியே தன்னுடையதை உரக்கச் சொல்லிவிட்டார்கள். குலசேகரம் வரை பயணம் செய்த அத்தனை பேருக்கும் இப்போது அது தெரியும். மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

மீதி ஒருவர். பழைய சர்வரின் நிர்வாகப் பக்கத்தில் எவருடைய கடவுச்சொல்லையும் நான் புதிதாக வைத்துவிடலாம், கேட்க வேண்டியதில்லை, இயந்திரம் என்னைத் தடுக்காது. தடுக்காது என்பதுதான் சங்கடமாக இருக்கிறது. இன்று பார்வையாளர் நேரத்தில் கட்டிலருகே குனிந்து, உங்கள் பெட்டியைப் புதிய சர்வருக்கு மாற்ற வேண்டும், ஒரு கடிதத்தையும் திறக்க மாட்டேன், கடவுச்சொல்லை மட்டும் மாற்றிக்கொள்கிறேன், சரிதானே என்று கேட்டேன். அவர் கண்ணை மூடித் திறந்தார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பேருந்தில் ஏறிய பிறகு, அது சம்மதமா அல்லது வெறும் இமைப்பா என்ற ஐயம் வந்தது. மனிதர் நிமிடத்துக்குப் பல முறை இமைக்கிறார். நான் கேட்ட கணத்தில் இமைத்தார் என்பதைத் தவிர என்னிடம் வேறு ஆதாரம் இல்லை. 30ஆம் தேதிக்குப் பிறகு அந்தக் கடிதங்களே இருக்காது என்பது என் பக்கத்து நியாயம். நியாயம் இருக்கிறது என்பதற்காக இமைப்பு சம்மதம் ஆகிவிடாது.

ஜூன் 11, புதன்

பெட்டிகளை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுக்கும் ஐமேப்சிங்க் இரவு முழுதும் ஓடியது. பத்துப் பெட்டிகள் பிழையின்றி வந்தன. பதினொன்றாவதும் வந்துவிட்டது. ரவுண்ட்கியூபில் சித்தப்பாவின் பெயரில் உள்நுழைந்து பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டதால், வட்டில் ஃபோல்டர் பெயர்களை மட்டும் பட்டியலிட்டேன். இன்பாக்ஸ், அனுப்பியவை, வரைவு, இவற்றோடு ஒரு புதிர்: ஒரு புள்ளி, ஆம்பர்சாண்ட் குறி, சி, 6, 4, எல், சின்ன டி, பெரிய ஏ, சின்ன வி, பெரிய ஐ, கடைசியில் ஒரு சிறுகோடு. மற்ற எவர் பெட்டியிலும் இப்படி ஒன்று இல்லை. உள்ளே 4,000-க்கும் மேற்பட்ட கடிதங்கள்.

ஆஸ்பத்திரி பில்லின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன்.

ஜூன் 12, வியாழன்

மாலை 6 மணிக்கு ரப்பர் கிளை ஒன்று கம்பியில் விழுந்து மின்சாரம் போனது. கைப்பேசியில் 6 சதவீதம். பில்லை எடுத்துக்கொண்டு மெழுகுவத்தி முன் உட்கார்ந்தேன்.

ஃபோல்டரின் பெயரை அறிவது கடிதத்தைத் திறப்பதாகுமா என்று சிறிது நேரம் யோசித்தேன். உறைமேல் எழுதியிருப்பதைத் தபால்காரரும் படிக்கத்தான் செய்கிறார் என்று சமாதானம் செய்துகொண்டேன். அது அவ்வளவு நேர்மையான சமாதானம் அன்று.

ஐமேப் பழைய நெறிமுறை. ஃபோல்டர் பெயரில் ஆங்கில எழுத்துகளை மட்டுமே நேராக ஏற்கும். மற்ற எழுத்துகளை ஆம்பர்சாண்டுக்கும் சிறுகோட்டுக்கும் நடுவே வேறு வடிவில் அடைக்கிறது. அந்த வடிவத்தில் ஒவ்வோர் எழுத்தும் 6 பிட். எட்டு எழுத்துகள் என்றால் 48 பிட். யூனிகோடில் ஒரு குறிக்கு 16 பிட் என்று வகுத்தால் சரியாக மூன்று குறிகள். ஏ என்பதை 0 என்று எண்ணத் தொடங்கும் அதன் வரிசையில் சி என்பது 2, 6 என்பது 58, 4 என்பது 56. அவற்றை இரும எண்ணாக்கி முதல் 16-ஐ வெட்டினால் பதினாறடிமான எண்ணில் 0பி.ஏ.இ. வருகிறது. தமிழ் எழுத்துகளின் இடம் 0பி80-இல் தொடங்குகிறது என்பது எழுத்துரு வேலை செய்த நாள் முதல் எனக்கு மனப்பாடம். 0பி.ஏ.இ. என்றால் ம. அடுத்தது 0பிபி4, ழ. மூன்றாவது 0பிசி8, ஐகாரக் குறி. கண்ணுக்கு ஐகாரக் குறி ழகரத்தின் முன்னால் நிற்கிறது. குறியீட்டில் பின்னால்தான் வருகிறது. அதனால் ழகரம் வந்த பிறகும் ஒரு நொடி காத்திருக்க வேண்டியிருந்தது.

மழை.

மாடிக்கு ஏறினேன். குப்பி வாய் வரை மறுபடியும் நிரம்பியிருந்தது. அதன் பக்கத்தில் மில்லிமீட்டர் கோடுகள் இருப்பதை எத்தனை ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறேன். இவ்வாண்டு கேரளத்தில் மே 24-ஆம் தேதியே தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டது; அவர் படுத்ததோ மே 29. கொட்டிவிடுங்கள் என்று சொன்னவன் நான்.

ஜூன் 13, வெள்ளி

காலை 8.30. 22 மி.மீ. பில்லின் பின்பக்கத்தில்.

ஜூன் 14, சனி

தோஹாவிலிருந்து அண்ணன் புதிய வெப்மெயில் வழியாகக் காப்பீட்டுத் தாள்களை அனுப்ப முயன்று மூன்று முறை தோற்றுவிட்டு, என்னடா கட்டியிருக்கிறாய் என்று கேட்டார். வாயில் ஒன்றன்று, மூன்று. என்ஜின்எக்ஸ் இயல்பாக 1 எம்.பி.க்கு மேல் ஏற்பதில்லை. அதைத் தாண்டினால் பி.எச்.பி. ஒரு கோப்புக்கு 2 எம்.பி.யோடு நிறுத்துகிறது, அதையும் தாண்டினால் போஸ்ட்ஃபிக்ஸின் எல்லை 1,02,40,000 பைட். இணைப்பை அஞ்சலுக்கேற்ற எழுத்தாக மாற்றும்போது அளவு மூன்றில் ஒரு பங்கு கூடுவதால், அந்தக் கடைசி எல்லை உண்மையில் 7 எம்.பி. கோப்புக்குச் சற்று மேல்தான் தாங்கும். மூன்றையும் உயர்த்தினேன். போயிற்று.

8.30-க்கு 7 மி.மீ.

ஜூன் 16, திங்கள்

அஞ்சல் எங்கே வர வேண்டும் என்று சொல்லும் எம்.எக்ஸ். பதிவைப் புதிய சர்வருக்கு மாற்றினேன். வருவது வருகிறது, போவது போகவில்லை. வெளியே செல்லும் 25ஆம் வாயிலைச் சர்வர் வாடகைக்காரர்கள் அடைத்து வைத்திருக்கிறார்கள். ஸ்பாம் அனுப்புவோரால் வந்த வினை. திறக்கச் சொல்லி விண்ணப்பித்திருக்கிறேன்.

நேற்று 31, இன்று 12.

ஜூன் 18, புதன்

வாயில் திறந்தது. அனுப்புவது நம் டொமைன்தான் என்று காட்டும் எஸ்.பி.எஃப்., டி.கிம் பதிவுகளும், எண் முகவரியிலிருந்து பெயருக்குத் திரும்பும் பதிவும் சேர்த்த பிறகே கடிதங்கள் ஸ்பாமில் விழாமல் போகின்றன.

இரவில் மறுபடி அந்த ஃபோல்டர். டோவ்காட் கடிதக் கோப்பின் பெயரிலேயே அதன் அளவை எழுதி வைக்கிறது. கோப்பின் தேதி, கடிதம் முதலில் வந்த தேதி. திறக்காமலே இரண்டும் தெரியும். இதையும் பார்த்திருக்கக் கூடாதோ என்னவோ. ஒவ்வொன்றும் 700 பைட்டுக்குச் சற்று மேல். ஒவ்வொரு நாளும் ஒன்று, 8.30-க்கும் 9 மணிக்கும் இடையில். 2017 நவம்பர் 29 வரை ஒழுங்காக வந்து, 30ஆம் தேதி நின்றுவிடுகிறது. ஒக்கி. வாழையும் ரப்பரும் சாய்ந்து, மின்சாரம் இல்லாமல் கிடந்தோமே, அந்த நாள்கள். பிறகு டிசம்பர் 9ஆம் தேதி, ஒரே காலையில் 10 கடிதங்கள். விடுபட்ட ஒரு நாளையும் அவர் விடவில்லை. எங்கேயோ ஒரு தாளில் எழுதி வைத்திருந்திருக்கிறார்.

கடைசிக் கடிதம் மே 28.

ஜூன் 20, வெள்ளி

வீட்டுக்கு அழைத்து வந்தோம். சித்தி சன்னலோரம் கட்டில் போட்டிருக்கிறார்கள். புதிய கடவுச்சொல்லைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். கூடவே அந்த ஆஸ்பத்திரி பில்லையும். அவர் அதைத் திருப்பிப் பின்பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். 13ஆம் தேதிக்கு மேலே இருந்த வெற்றிடத்தில் இடக்கைச் சுண்டுவிரலை வைத்து என்னைப் பார்த்தார்.

கொட்டிவிட்டோம் சித்தப்பா என்றேன்.

ஜூன் 21, சனி

8.30-க்கு 4 மி.மீ. மாடியிலிருந்து இறங்கி அவரிடம் சொன்னேன்.

அஞ்சல் லாக்கில் 9.12-க்கு ஒரு வரி: அவர் முகவரியிலிருந்து அவர் முகவரிக்கே. 9.31-க்கு இன்னொன்று. 9.58. 10.20. நண்பகல் வரை ஐந்து. பில்லில் இருப்பவை ஒன்பது. எல்லாம் இன்பாக்ஸிலேயே கிடக்கின்றன. ஐமேப்சிங்க் கடிதங்களைத்தான் கொண்டுவரும், வடிகட்டி விதிகளைக் கொண்டுவராது. பழைய சர்வரில் அவர் என்ன விதி எழுதியிருந்தார் என்பதை 30ஆம் தேதிக்குள் அங்கேயே போய்ப் பார்க்க வேண்டும், அல்லது அவரிடமே கேட்க வேண்டும். வடிகட்டி விதிகளுக்கான சீவ் செருகுநிரலை இன்று இரவு நிறுவுகிறேன், 4190ஆம் வாயில்