நார்அட்ரினலின் சிரிஞ்ச் மாற்றம்: இரண்டு கையெழுத்துக்கும் சிக்காத ஆம்பூல்

ரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்தின் புது கம்பெனி ஆம்பூல் (சிறு கண்ணாடிக் குப்பி) ஐசியூவுக்கு வந்ததை மருந்தகம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழையதில் 4 மி.கி. என்றால் அது நார்அட்ரினலினின் எடை. புதியதிலும் பெரிய எழுத்தில் 4 மி.கி. தான், ஆனால் அது பைடார்ட்ரேட் உப்பின் எடை. ‘நார்அட்ரினலின் 2 மி.கி.க்குச் சமம்’ என்பது அடியில் பொடி எழுத்தில்.

இங்கே வழக்கம் 50 மி.லி.யில் 4 மி.கி., அதாவது மி.லி.க்கு 80 மைக்ரோகிராம். 60 கிலோ நோயாளிக்கு, கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம் போக வேண்டுமானால் மணிக்கு 4.5 மி.லி. புது ஆம்பூல் ஒன்றை மட்டும் உடைத்துக் கலந்தால் சிரிஞ்சில் பாதி மருந்துதான். சிரிஞ்சை மெல்லத் தள்ளும் பம்பின் திரையில் 0.1 என்றே காட்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்?

சிரிஞ்ச் மாற்றியதும் பிபி இறங்கியது. நோயாளி மோசமாகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வேகத்தை 9 மி.லி.க்கு ஏற்றியதும் சராசரி ரத்த அழுத்தம் தேவையான 65-ஐத் தொட்டது. உண்மையான ஆபத்து அடுத்த சிரிஞ்சில் காத்திருந்தது: யாராவது அதைச் சரியாகக் கலந்து அதே 9-ல் ஓடவிட்டால் நேராக இரட்டை டோஸ். பழைய ஸ்டாக்கை எடுக்கப் போனவர் இரண்டு ஆம்பூலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால் பிழைத்தோம்.

கலந்ததை இருவர் சரிபார்த்ததற்கான டபுள் செக் கையெழுத்து இரண்டும் தாளில் இருந்தன. “4 மி.கி., 50 மி.லி., சரிதானே?” என்று கேட்டால் யாரும் தலையாட்டத்தான் செய்வார்கள். இரண்டாமவரிடம் விடையைச் சொல்லவே கூடாது. மருத்துவர் ஆணையையும் காலி ஆம்பூலையும் மட்டும் கொடுங்கள், செறிவையும் வேகத்தையும் அவரே கணக்குப் போடட்டும். அதுவரை ஆம்பூலைக் குப்பையில் போடாதீர்கள்.

மாற்றும்போது இன்னொன்று: புது சிரிஞ்சை இரண்டாவது பம்பில் பொருத்தி, குழாயை நோயாளியோடு இணைக்கும் முன்பே பர்ஜ் செய்யுங்கள், அதாவது பம்பாலேயே கொஞ்சம் மருந்தைத் தள்ளி வெளியேற்றுங்கள். பிஸ்டனுக்கும் பம்புக்கும் நடுவே இடைவெளி இருந்தால், இவ்வளவு குறைந்த வேகத்தில் மருந்து வந்து சேரச் சில நிமிடங்கள் ஆகிவிடும். பழையதைக் கழற்றும் முன் குழாயை அடைக்கும் கிளாம்ப் போட மறந்தால், குழாயில் மிச்சமிருப்பது மொத்தமாக உள்ளே போகும்.

லேபிளில் இப்போது ‘பேஸ் மி.கி.’ (உப்பைச் சேர்க்காத நார்அட்ரினலின் எடை) என்று கையால் எழுதி ஒட்டுகிறோம். மருந்தகத்தில் கேட்டதற்கு வந்த பதில்: “பெட்டியிலேயே போட்டிருக்கே, பார்க்கலையா?”