ஊசி போட்டும் ஏறாத ஹீமோகுளோபின்

சிறுநீரகம் செயலிழந்த அம்மா, வயிற்றுக்குள் குழாய் வழியாக நீரை விட்டுக் கழிவுகளோடு வெளியே எடுக்கும் வயிற்று டயாலிசிஸை வீட்டிலேயே செய்துகொள்ளத் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. நாளுக்கு நான்கு முறை பை மாற்றுகிறோம். வெளியேறிய நீர் நிறைந்த பையை நாளிதழின் மேல் வைத்து, எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பேன். சென்ற ஆண்டு ஒருநாள் காலையில் எழுத்துகள் தெரியவில்லை. அரிசி களைந்த நீரைப் போல் பை கலங்கியிருந்தது. வயிற்றுச் சவ்வில் தொற்று, அதாவது பெரிட்டோனைட்டிஸ். பைக்குள் ஆன்டிபயாடிக் கலந்து கொடுத்ததில் நீர் தெளிந்துவிட்டது. ஆனால் அடுத்த மூன்று மாதங்களில், சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் ஊசியை வாரந்தோறும் தவறாமல் போட்டும், 10.4 ஆக இருந்த ஹீமோகுளோபின் 8.1க்கு இறங்கி அங்கேயே நின்றுவிட்டது.

ஊசியின் அளவை 6,000 யூனிட்டிலிருந்து 8,000 ஆக உயர்த்தியும் பயனில்லை. அப்போதுதான் மருத்துவர் ஒரு கணக்கைக் காட்டினார். ஒரு வாரத்தில் போடும் யூனிட்டை உடல் எடையால் வகுத்து, வருவதை ஹீமோகுளோபினால் மீண்டும் வகுக்க வேண்டும். 52 கிலோ எடையுள்ள அம்மாவுக்கு முன்பு 11 ஆக இருந்த அந்த எண் 19 ஆகியிருந்தது. ஊசிக்கு உடல் எவ்வளவு எதிர்ப்புக் காட்டுகிறது என்பதற்கான அளவுகோல் இது.

எரித்ரோபாய்ட்டின் எலும்பு மஜ்ஜைக்கு ஏவல் மட்டுமே கொடுக்கிறது. சிவப்பணுவை உருவாக்க இரும்பு வேண்டும். உடலில் அழற்சி இருந்தால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரந்து, இரும்பைச் சேமிப்பிடங்களுக்குள்ளேயே அடைத்துவிடுகிறது. சேமிப்பிலுள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அம்மாவுக்கு 640 இருந்தது. இரத்தத்தில் புழங்கும் இரும்பின் செறிவோ வெறும் 14 சதவீதம். குதிர் நிறைய நெல் இருந்தும் உலையில் போட அரிசி இல்லாத நிலை. ஃபெரிட்டினை மட்டும் பார்த்திருந்தால் இரும்புக்குக் குறைவில்லை என்றே நினைத்திருப்போம்.

ஊசி பலிக்காமல் போகக்கூடும் என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே ஊகிக்க முடியும் என்பதுதான் நான் இதில் கற்றது. அழற்சியைக் காட்டும் சிஆர்பி உயர்வது, இரத்தப் புரதமான ஆல்புமின் குறைவது, பாராதைராய்டு ஹார்மோன் ஏறுவது, மிஞ்சியிருந்த சிறுநீரும் வற்றுவது, பி12, ஃபோலேட் குறைபாடு ஆகிய எல்லாமே அறிகுறிகள். வயிற்று டயாலிசிஸில் ஒவ்வொரு பையுடனும் புரதம் வெளியேறுவதால், ஆல்புமின் குறைவை வெறும் உணவுக் குறைவு என்று கொள்ளவும் முடியாது. உடலில் நீர் தேங்கினாலும் இரத்தம் நீர்த்து, ஹீமோகுளோபின் குறைந்ததுபோல் காட்டும். இயந்திர டயாலிசிஸைப் போல் குழாய்களில் இரத்தம் வீணாவது இங்கே இல்லை என்பதால், ஊசி பலிக்காதபோது முதலில் அழற்சியையே சந்தேகிப்பது சரி என்று நினைக்கிறேன். இந்த அளவுகளைக் கொண்டு முன்கணிப்புச் சூத்திரங்கள் உருவாக்கும் ஆய்வுகளும் நடக்கின்றன; ஆயினும் நோயாளியின் வீட்டாருக்கு, ஆபத்து எத்தனை சதவீதம் என்பதைவிடக் காரணம் எது என்பதே தேவை.

ஊசியின் அளவை ஏற்றிக்கொண்டே போவது தீர்வும் அல்ல, பாதுகாப்பும் அல்ல. டயாலிசிஸ் நிலையை எட்டாத சர்க்கரை நோயாளிகளிடம் நடந்து 2009இல் வெளிவந்த ட்ரீட் ஆய்வில், இதே வகை ஊசியால் ஹீமோகுளோபினை 13 வரை உயர்த்த முயன்ற பிரிவில் பக்கவாதம் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. முதல் இரண்டு ஊசிகளுக்குச் சரியாக ஏறாதவர்களிடையே மரணமும் இதயநோயும் அதிகம் என்று அதே தரவுகள் 2010இல் காட்டின.

மருத்துவர் ஊசியை 8,000க்கு மேல் கூட்டவில்லை. சிஆர்பி 28 என்று வந்ததும், அம்மாவின் வயிற்றில் குழாய் வெளிவரும் இடத்தை விளக்கடியில் பார்த்தார். ஓரத்தில் கடுகளவு மஞ்சள் பொருக்கு இருந்தது. அழுத்தியபோது சீழ் வந்தது. நாள்தோறும் அந்த இடத்தைத் துடைத்துக் கட்டுப்போட்ட நான் அதைக் காய்ந்த மருந்து என்று எண்ணியிருந்தேன். அதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. தொற்று ஆறி, சிஆர்பி 5க்கு இறங்கிய பிறகே நரம்பு வழியாக இரும்பு ஏற்றினார்கள். இரண்டு மாதங்களில் ஹீமோகுளோபின் 9.7 ஆனது, ஊசியும் பழையபடி 6,000 யூனிட்டுக்கு வந்துவிட்டது.