கடலடிப் போத்தலின் வயது

இலங்கையின் காலித் துறைமுகத்துக்கு வெளியே ‘ரங்கூன்’ என்ற பிரித்தானிய நீராவிக் கப்பல் மூழ்கிக் கிடக்கிறது. ஆஸ்திரேலியாவுக்கான தபால்களை ஏற்றியிருந்த அக்கப்பல், 1871 நவம்பர் 1 அன்று காதிர் பாறையில் மோதி மூழ்கியது. கடலடியில் கண்ட போத்தலின் படத்தைக் காட்டி அது எந்தக் காலத்தது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கப்பலைத்தான். மூழ்கிய நாள் தெரிந்துவிட்டால், கப்பலோடு போன பொருள் எதுவும் அந்த நாளுக்குப் பிற்பட்டதாக இருக்க வழியில்லை. கழுத்துக்குள் கண்ணாடிக் கோலி உருளும் சோடாப் போத்தலின் முழுமையான வடிவத்துக்கு ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்றது 1872இல். ஆகவே ரங்கூனின் அருகே அத்தகைய போத்தல் ஒன்று கிடந்தால், அது பிற்காலத்தில் ஏதோவொரு படகிலிருந்து விழுந்தது என்றே கொள்ள வேண்டும். அதற்கு முந்தைய தலைமுறையின் சோடாப் போத்தல் அடி கூம்பி, நிறுத்தி வைக்கவே இயலாத முட்டை வடிவில் இருந்தது. படுக்க வைத்தால்தான் தக்கை நனைந்திருக்கும், தக்கை காய்ந்து சுருங்கினால் வாயு கசிந்துவிடும் என்பதே அந்த விசித்திரமான வடிவத்துக்குக் காரணம்.

துறைமுகத்தின் அடித்தரையில் இந்த வசதி கிடைக்காது. நங்கூரமிட்டு நின்ற கப்பல்கள் தலைமுறை தலைமுறையாக வீசியெறிந்தவை எல்லாம் அங்கே கலந்து கிடக்கின்றன. போதாக்குறைக்கு நங்கூரங்கள் சேற்றை உழுது, கீழே இருந்ததை மேலே கொண்டுவந்துவிடுகின்றன. டச்சுக்காரரின் சதுர ஜின் போத்தலும் சென்ற மாதத்துப் பியர் போத்தலும் அடுத்தடுத்துக் கிடக்கும் இடத்தில், போத்தலின் உடலைத் தவிர வேறு சாட்சி இல்லை.

நான் முதலில் பார்ப்பது அடிப்பாகத்தை. ஊதிய போத்தலை இரும்புக் கோலில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு வாயை முடித்த காலத்தில், கோலை உடைத்தெடுத்த இடத்தில் சொரசொரப்பான வளையத் தழும்பு ஒன்று தங்கிவிடும். போத்தலை இடுக்கிப் பிடிக்கும் கருவி வந்த பின்னர், 1860களுக்கு அப்பால் இத்தழும்பு அருகிவிடுகிறது. அடுத்தது அச்சுக் கோடு, அதாவது அச்சின் பாதிகள் சேரும் இடத்தில் கண்ணாடியில் பதியும் கோடு. பக்கவாட்டில் ஏறும் கோடு வாய்க்குச் சற்றுக் கீழேயே மறைந்தால் வாய் கையால் முடிக்கப்பட்டது; விளிம்பு வரை ஏறினால் பெரும்பாலும் இயந்திரத்தின் வேலை, அதாவது மைக்கேல் ஓவன்ஸ் தம் தானியங்கி இயந்திரத்தை உருவாக்கிய 1903ஐ ஒட்டியோ அதற்குப் பின்னரோ ஆனது. கோடே இல்லாவிட்டால் மிகப் பழையது என்று துள்ளிக் குதிக்க வேண்டாம். அச்சுக்குள் வைத்துச் சுழற்றிக் கோட்டை அழித்த ஒயின் போத்தல்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வந்தன. அவற்றில் உடலைச் சுற்றி மெல்லிய கிடைக் கீறல்கள் ஓடுவதைச் சாய்ந்த வெளிச்சத்தில் காணலாம். கொட்டலசும் சிப்பியும் அப்பியிருந்தால், இடைவெளிகளில் நகத்தை ஓட்டிப் பார்ப்பது கண்ணைவிட நம்பத்தக்கது.

நிறத்தை நீருக்குள் நம்பக் கூடாது. ஆழத்தில் கறுப்பாகத் தெரியும் போத்தலுக்குப் பின்னால் டார்ச்சைப் பிடித்தால் அது அடர்ந்த ஒலிவப் பச்சையாக இருக்கும். மாங்கனீசு சேர்த்து நிறம் நீக்கிய கண்ணாடி வெயிலில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் ஊதாவாக மாறும் என்பது நிலத்தில் தோண்டுவோருக்கு நல்ல அடையாளம். சூரியனின் புற ஊதாக் கதிர் எட்டாத ஆழத்தில் அந்த மாற்றம் நிகழாது. வானவில் போல மினுங்கும் படலமும் வயதுக்கு அளவுகோலன்று, கண்ணாடியிலுள்ள காரம் நீரில் கரைந்து வெளியேறியதன் விளைவு அது.

இவை அனைத்தையும் படம் எடுத்தே பார்க்கலாம். இலங்கைக் கடலில் நூறாண்டு கடந்த கப்பற்சிதைவுகள் சட்டப் பாதுகாப்புக்கு உட்பட்டவை; அலமாரியில் வைப்பதற்காக ஒன்றைத் தூக்கி வருபவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

கோலி சோடாப் போத்தல்தான் உண்மையில் சிக்கலானது. கோலியை உள்ளே இட்ட பின்னரே வாயைக் குறுக்கி முடிக்க வேண்டியிருப்பதால், அச்சுக் கோட்டு விதி இதற்குச் சரியாகப் பொருந்துவதில்லை. பிரித்தானியாவில் அது எப்போதோ வழக்கொழிந்துவிட்டது. இந்தியாவிலோ இன்றும் புதிதாகச் செய்கிறார்கள், தமிழ்நாட்டுக் கடைகளில் குடிக்கிறார்கள். எனவே வடிவத்தைப் பார்த்து 19ஆம் நூற்றாண்டு என்று சொல்லிவிட முடியாது. ஹைரம் காட்டின் பெயரோ, ஆங்கிலக் கண்ணாடி ஆலையின் பெயரோ, சோடாக் கம்பனியின் பெயரோ புடைப்பெழுத்தில் இருந்தால் அதைக் கொண்டு தேடலாம். எழுத்தே இல்லாத கோலிப் போத்தலுக்கு நான் ஆண்டு சொல்வதில்லை.