ஐம்பது சென்டிமீட்டரும் ஓர் அடிபம்பும்

1.12.2024, ஞாயிறு, ஊத்தங்கரை

ஃபெஞ்சல் புயல் நேற்றிரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்துவிட்டது என்று கேட்டதும், இனி அது கடலோரத்தாரின் கவலை என்றே எங்கள் தெருவில் எல்லோரும் எண்ணியிருந்தோம். கரையேறிய பிறகும் நகராமல் அங்கேயே பல மணி நேரம் நின்றுவிட்டு, வலுவிழந்தபடி மேற்கே எங்களை நோக்கி வருவதை யாரும் பொருட்படுத்தவில்லை. இரவு ஏழரை மணிக்கு மின்சாரம் போனது. எதிர்வீட்டு அக்கா குடையோடு வாசலுக்கு வந்து, தெருவுக்கே இல்லையா, தம் வீட்டுக்கு மட்டுமா என்று விசாரித்தார். தெருவுக்கே இல்லை என்று அறிந்ததும் நிம்மதியாக உள்ளே போய்விட்டார். தீபத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்க, அதற்கென வாங்கிவைத்த புது அகல்களை ஏற்றலாமா என்று அம்மா வெகுநேரம் யோசித்து, நான்கை மட்டும் எடுத்தார்.

2.12.2024, திங்கள்

காலையில் பெங்களூரிலிருந்து தம்பி அழைத்து, பேருந்து நிலையத்தருகே நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படும் காட்சியைப் பார்த்தீர்களா என்று பதறினான். அங்கிருந்து நடந்துபோகும் தொலைவில் இருந்த நாங்கள் எதையும் பார்க்கவில்லை. தொலைக்காட்சி இல்லை, கைப்பேசியில் பதினொரு சதவீதம் சார்ஜ் இருந்தது. நாடே எங்கள் ஊரைப் பார்த்துக்கொண்டிருக்க, இருட்டில் உட்கார்ந்திருந்த நாங்கள்தான் கடைசியாக அறிந்தோம். இருபத்து நான்கு மணி நேரத்தில் பெய்த மழை 50 சென்டிமீட்டர் என்பதும் அவன் சொல்லித்தான் தெரிந்தது. அம்மா அளவுகோலைத் தரையில் நிறுத்திப் பார்த்தார்; அது அவர் முழங்கால்வரை வந்தது.

பகலில் டயர் கடைக்காரர் ஜெனரேட்டரை ஓடவிட்டார். ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் கொத்தாகத் தொங்கிய கைப்பேசிகளின் முதுகில் அவரவர் பெயர் எழுதிய பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. முதலில் இலவசமாகச் செய்தவர், மதியத்துக்கு மேல் ஆளுக்கு இருபது ரூபாய் கேட்டபோது சிலர் முணுமுணுத்தார்கள். டீசல் விலை தெரிந்தவர்கள் முணுமுணுக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

3.12.2024, செவ்வாய்

வெளியே எங்கும் தண்ணீர்; வீட்டுக் குழாயில் சொட்டு இல்லை. மோட்டார் ஓடாததால் மேல்நிலைத் தொட்டி நேற்றே காலியாகிவிட்டது. கோவில் அருகே துருப்பிடித்து நின்ற அடிபம்பை இளைஞர்கள் அடித்து அடித்துக் களைத்தபின், மூலைவீட்டுப் பாட்டி ஒரு செம்பு மழைநீரை மேலே ஊற்றி, தோல் வாஷர் ஊறட்டும் என்று கொஞ்சம் காத்திருக்கச் சொன்னார். பிறகு செம்மண் நிறத்தில் நாலைந்து வீச்சு வந்து, மெல்லத் தெளிந்தது. பத்து ஆண்டுகளாக ஒருவரோடொருவர் பேசாத இரண்டு வீட்டுக் குடங்கள் வரிசையில் அடுத்தடுத்து இருந்தன. அவர்கள் அப்போதும் பேசவில்லை.

புளியமரக் கிளை விழுந்து அறுந்த கம்பியைச் சரிசெய்ய லைன்மேன் வந்தபோது, பக்கத்துத் தெருவுக்கு மட்டும் எப்படி மின்சாரம் வந்தது என்று நான்கு பேர் கேட்டார்கள். ஏணியைப் பிடிக்க ஒருவர்தான் போனார். மாலை ஆறே முக்காலுக்கு விளக்கு எரிந்ததும் பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். எல்லா வீட்டு மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கியதில், பத்தே நிமிடத்தில் டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் போய்விட்டது. தெருமுனையைத் தாண்டியிருந்த லைன்மேன், யாரும் கூப்பிடுவதற்கு முன்பே வண்டியைத் திருப்பினார்.